ராக் டம்ப்ளரில் கல் போதவில்லையா? டிரம்மை எதைக்கொண்டு நிரப்பலாம்

நல்ல கற்களாகப் பொறுக்கி, கழுவி, விரிசல் விட்டதையெல்லாம் ஒதுக்கிவிட்டு டிரம்மில் போட்டால் பாதிகூட ஏறவில்லை. கற்களை டிரம்மில் போட்டுச் சுழற்றி மெருகேற்றும் ராக் டம்ப்ளர் வைத்திருக்கும் யாருக்கும் இந்த நிலை ஒருநாள் வரும். அப்படியே மூடி ஓட்டிவிடலாமா? இன்னும் கற்கள் சேரும்வரை காத்திருக்கலாமா? சின்னக் கற்களால் நிரப்பலாமா, செராமிக் துண்டுகளா, பிளாஸ்டிக் மணிகளா? பார்க்கச் சிறிய முடிவுதான். ஆனால் நான்கைந்து வாரம் கழித்து வெளியே வரும் கல் காய்ந்த பிறகும் மின்னுமா, மங்கிக் கிடக்குமா என்பதில் பெரும்பகுதி இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. பாலிஷ் ஏறவில்லை என்றதும் பலர் பாலிஷ் பொடியைத்தான் சந்தேகிப்பார்கள். நான் முதலில் கேட்பது, டிரம் எவ்வளவு நிரம்பியிருந்தது, எதனால் நிரம்பியிருந்தது என்பதைத்தான்.

காரணம் எளிது. டிரம் சுழலும்போது கற்கள் ஒரு பக்கமாக மேலே ஏறுகின்றன. ஓரளவு ஏறியதும் மேலடுக்கு மட்டும் சரிந்து கீழே வழுக்கி வருகிறது. தேய்மானம் முழுக்க அந்தச் சரிவில்தான் நடக்கிறது: கல்லோடு கல் உரச, இடையில் கிரிட், அதாவது சிலிக்கான் கார்பைடு அரைப்புத் தூள், மாட்டிக்கொண்டு அரைக்கிறது. டிரம் பாதிக்கும் கீழே இருந்தால் சரிவு வீழ்ச்சியாகிவிடுகிறது. கல் விழுந்து மோதுகிறது, ஓரங்கள் சிதைகின்றன, பிறை வடிவத்தில் வெள்ளை வெள்ளையாக அடிபட்ட தடம் விழுகிறது. முக்கால்வாசிக்கு மேல் திணித்தால் நேர் எதிர்: எதுவும் நகராது, மொத்தமும் ஒரே கட்டியாகச் சுற்றும். அதனால்தான் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் பங்குவரை என்ற அளவு. மொத்த வேலையும் நான்கு கட்டம்: கரடான 60/90 கிரிட், பிறகு 120/220, பிறகு 500, கடைசியில் பாலிஷ் பொடி. முதல் கட்டத்தில் கற்கள் தேய்ந்து நிரப்பளவு கண்கூடாக இறங்கும் என்பதால், நான் முக்காலை ஒட்டியே தொடங்குவேன்.

நிரப்புப் பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் எடையையும் நினைவில் வைக்க வேண்டும். 3 பவுண்டு இயந்திரம் என்று எழுதியிருந்தால், பல மாடல்களில் அது கல், தண்ணீர், கிரிட் எல்லாம் சேர்ந்த எடை. அதாவது சுமார் 1.4 கிலோ. அதைத் தாண்டினால் மோட்டார் சூடேறும், பெல்ட் வழுக்கும். கையேட்டில் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டு மேலே போகலாம்.

பாதி டிரம்மோடு ஓட்டுவது

இதை விரைவாகவே முடித்துவிடலாம். வேண்டாம். மிச்சமாவது ஒன்றுமில்லை, கெடுவது கல். "கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்" என்ற யோசனையும் உதவாது. தண்ணீர் கூடினால் உள்ளே கிரிட்டும் கல்தூளும் கலந்து உண்டாகும் சேறு நீர்த்துப் போகும், கிரிட் அடியில் தங்கும், கற்கள் இன்னும் பலமாகத்தான் மோதும்.

சின்னக் கற்கள்

முதல் கட்டத்துக்கு, அதாவது 60/90 கிரிட்டுக்கு, இதைவிட நல்ல நிரப்புப் பொருள் கிடையாது. சின்னக் கல் சும்மா இடத்தை அடைப்பதில்லை. பெரிய கற்களின் குழிவுகளுக்குள் கிரிட்டைக் கொண்டுபோய்த் தேய்க்கிறது, தானும் உருண்டையாகிறது. கடைசியில் அதுவும் ஒரு பாலிஷ் கல்லாக உங்கள் கைக்கு வருகிறது. ஒரே அளவுக் கற்களை மட்டும் போட்டால் அவற்றுக்கிடையே இடைவெளி அதிகம், தொடும் இடங்கள் குறைவு. பெரியது ஒன்றிரண்டு, நடுத்தரம் நிறைய, சிறியது மூன்றில் ஒரு பங்கு என்று கலந்தால் தேய்மானம் சீராக வரும். தட்டையான கற்கள் பல இருந்தால் கலப்பு இன்னும் முக்கியம். இல்லாவிட்டால் அவை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, உருளாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

ஒரு நிபந்தனை: கடினத்தன்மை ஒத்துப்போக வேண்டும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ், அகேட், ஜாஸ்பர் மூன்றும் 7-ஐ ஒட்டி நிற்கும். இவற்றைத் தயங்காமல் சேர்த்துப் போடலாம். எரிமலைக் கண்ணாடியான அப்சிடியன் 5 முதல் 5.5, ஃப்ளோரைட் 4, கால்சைட் 3. அகேட் நடுவே ஃப்ளோரைட்டைப் போட்டால் ஒரு வாரத்தில் அதைத் தேட வேண்டியிருக்கும். ஆனால் மோஸ் எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. எது எதைக் கீறும் என்றுதான் அது சொல்கிறது, எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று சொல்வதில்லை. நெஃப்ரைட் ஜேட் 6 முதல் 6.5தான். ஆனால் அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால், தன்னைவிடக் கடினமான கற்களைக் காட்டிலும் அது அடியைத் தாங்கும்.

குறையும் இருக்கிறது. சின்னக் கற்கள் தேய்ந்துகொண்டே போகும். மூன்றாம் கட்டத்துக்கு வரும்போது நிரப்பளவு மறுபடியும் இறங்கியிருக்கும். சுத்தியலால் உடைத்த சில்லுகளை நிரப்புவதென்றால் முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கூர்முனையும் உள்விரிசலும் அவற்றில் அதிகம். விரிசலில் ஒளிந்த கரடு கிரிட் பாலிஷ் கட்டத்தில் வெளியே வந்தால் முழு டிரம்மும் பாழ். உடைக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

செராமிக் துண்டுகள்

சின்னச் சின்ன உருளைகளாக, முனை சாய்வாக வெட்டப்பட்டு வருபவை. இவற்றின் பெரிய பலம் மிக மெதுவாகத் தேய்வது. முதல் நாள் வைத்த நிரப்பளவு ஏழாம் நாளும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கற்களுக்கிடையே உருண்டு அவற்றைத் திருப்பிக்கொண்டே இருப்பதால் எல்லாப் பக்கமும் சமமாகத் தேயும். நுண்துளை இல்லாத வகையானால் நன்றாகக் கழுவி அடுத்த கட்டத்துக்கும் எடுத்துப் போகலாம். நான் பாலிஷ் கட்டத்துக்கு மட்டும் தனியாக ஒரு பொட்டலம் வைத்துக்கொள்ளச் சொல்வேன். மொத்த நிரப்பில் பாதிவரை செராமிக் இருந்தாலும் டிரம் ஒழுங்காக வேலை செய்யும்.

புதிய செராமிக்கை நேராக பாலிஷ் டிரம்மில் கொட்டக் கூடாது. அதன் வெட்டு முனைகள் கூர்மையாக இருக்கும். முதல் கட்டத்தில் ஒரு சுற்று ஓடவிட்டால் முனை மழுங்கிவிடும், அப்புறம் எங்கே வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

எடை கல்லுக்கு இணையாக இருக்கும், சில வகையில் இன்னும் கூடுதல். ஆகவே நிரப்பினால் டிரம்மின் எடை வரம்பு நெருங்கிவிடும். இன்னொன்று, அப்சிடியன்போன்ற கண்ணாடித் தன்மையுள்ள கற்களுக்குக் கடைசிக் கட்டங்களில் செராமிக் சற்று முரடு. அவை தட்டினாலே தடம் விழும் இனம்.

பிளாஸ்டிக் மணிகள்

செராமிக் தடுமாறும் அந்த இடத்தில்தான் பிளாஸ்டிக் மணிகள் கைகொடுக்கின்றன. இவற்றின் வேலை அரைப்பது அல்ல, மெத்தையாக நிற்பது. அப்சிடியன், ஃப்ளோரைட், எளிதில் அடிபடும் பெரிய கற்கள் ஆகியவற்றுக்கு மூன்றாம், நான்காம் கட்டங்களில் இவை தேவை. எடையும் குறைவு என்பதால் சிறிய மோட்டாருக்குப் பாரமில்லை.

ஆனால் முதல் கட்டத்தில் இவற்றைப் போடுவது வீண். இடத்தை அடைக்குமே தவிர எதையும் தேய்க்காது, ஒரு வாரம் ஓடியும் கல் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இரண்டாவது தொல்லை, பல மணிகள் தண்ணீரில் மிதக்கும். மூடும் முன் நீர்மட்டத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. கல்லுக்கு எவ்வளவு தண்ணீர் என்று மணிகளைப் போடும் முன்பே அளந்துகொள்வது நல்லது. சேறு கொஞ்சம் கெட்டியானதும் மணிகள் அதில் அமிழ்ந்து கலந்துகொள்ளும். மூன்றாவதுதான் பெரியது: கிரிட் மணிகளின் மேல் பதிந்துவிடும், எவ்வளவு கழுவினாலும் முழுசாகப் போகாது. ஒரு கட்டத்தில் போட்ட மணிகள் அந்தக் கட்டத்துக்கே சொந்தம். பையின் மேல் கிரிட் எண்ணை எழுதி வைத்துவிடுங்கள். மணிகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து சேற்றில் கலக்கின்றன என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. தேவையான கற்களுக்கு மட்டும் என்று நான் எல்லை வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கையில் கிடைத்ததைப் போடுவது

கோலிக்குண்டு போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது சாதாரணக் கண்ணாடி, அகேட்டைவிட மென்மை. தேய்ந்து சில்லுச்சில்லாகும். மணல்? அதில் பெரும்பாலும் குவார்ட்ஸ், கடினம் 7. அதே 7-இல் இருக்கும் அகேட்டை அது எப்படி அரைக்கும்? சிலிக்கான் கார்பைடு 9-க்கும் மேலே இருப்பதால்தான் வேலை நடக்கிறது. அது உடையும்போதும் புதுப்புதுக் கூர்முனைகளாக உடைகிறது என்பது கூடுதல் நன்மை. மணலைப் போட்டால் அரைப்பதும் நடக்காது, கழுவி எடுப்பதும் பெரும்பாடு. தோட்டச் சரளைக்கல் மட்டும் பரிசீலிக்கலாம். ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு வகை, வேண்டாம். எஃகுக் கத்தியின் முனை அதைக் கீறினாலும் வேண்டாம்.

காத்திருப்பது

கற்கள் சேரும்வரை காத்திருப்பதை வேறு வழியில்லாதவர்களின் வழியாகப் பலர் நினைக்கிறார்கள். என் கணிப்பில் சரியாகச் செய்தால் இதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. அதற்கு முதல் கட்டத்தை நாட்காட்டியை வைத்து முடிக்காமல், கண்ணை வைத்து முடிக்க வேண்டும்.

ஒரு கட்டத்துக்கு ஏழு நாள் என்று கையேடுகள் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு வாரத்தில் கரடு கிரிட் நொறுங்கி வெறும் சேறாகிவிடுகிறது. அதற்குமேல் அதே சேற்றில் ஓட்டுவதால் பெரிய பயனில்லை. கிரிட்டின் ஆயுள் முடிந்தது என்பதால் கல்லும் தயாராகிவிட்டது என்று பொருளில்லை. ஏழாம் நாள் திறந்து, கழுவி, துடைத்துக் காயவைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஈரக்கல் எல்லாக் குறையையும் மறைத்துவிடும், காய்ந்த கல் பொய் சொல்லாது. குழி, விரிசல், முனை எதுவும் இல்லாத கற்களை ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள். மற்றவற்றைத் திரும்ப டிரம்மில் போட்டு, குறைந்த இடத்தைப் புதிய கரடு கற்களால் நிரப்பி, புது 60/90 கிரிட்டோடு மறுபடி ஓட்டுங்கள்.

இப்படிச் செய்தால் முதல் கட்ட டிரம் எப்போதும் நிறைந்தே இருக்கும். நிரப்புப் பொருளுக்கே தேவை வராது. தேர்ந்த கற்களின் டப்பா மூன்றில் இரண்டு பங்கு டிரம்முக்குப் போதும் என்ற அளவுக்கு வந்ததும் இரண்டாம் கட்டத்தைத் தொடங்கலாம். சில அகேட்கள் ஒரே வாரத்தில் தேறிவிடும். சில மூன்று நான்கு சுற்று கேட்கும். அதற்குள் அவசரப்படாதீர்கள். முதல் கட்டம் விட்டுவைத்த குழியை 120/220 கிரிட் நீக்காது, 500 நீக்காது, பாலிஷ் நிச்சயமாக நீக்காது. குழிக்குள் பாலிஷ் பொடி வெள்ளையாக அடைத்துக்கொண்டு குறையை இன்னும் எடுப்பாகக் காட்டும்.

நேரம்தான் இதன் விலை. பரிசாக நாளைக்கே வேண்டும், பிள்ளைகளோடு சேர்ந்து செய்கிறோம், அவர்கள் ஆர்வம் வடியும் முன் முடிய வேண்டும் என்றால் இது பொருந்தாது. அப்போது சின்னக் கற்களும் செராமிக்கும் கலந்து நான்கு கட்டத்தையும் தொடர்ச்சியாக ஓட்டிவிடலாம்.

ஆக, அகேட், ஜாஸ்பர், குவார்ட்ஸ் என்றால் முதல் கட்டத்துக்குச் சின்னக் கற்கள், பிறகு செராமிக். அப்சிடியன்போன்றவை என்றால் கடைசி இரண்டு கட்டத்துக்குப் பிளாஸ்டிக் மணிகள். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் செராமிக் வாங்குங்கள்.

ஏற்றும் முறையும் தண்ணீரும்

முதலில் கற்கள், பிறகு நிரப்புப் பொருள், மேலே கிரிட்டைத் தூவி, கடைசியில் தண்ணீர். 3 பவுண்டு டிரம்முக்கு 60/90 தலைதட்டிய 4 மேசைக்கரண்டி, 120/220-உம் அதே 4. 500 கிரிட்டும் பாலிஷ் பொடியும் 4 முதல் 6 வரை. எண் கூடினால் கிரிட் நுண்மையாகிறது என்பது புதிதாக வருபவர்களைக் குழப்பும். அது சல்லடையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண் என்ற கணக்கு.

தண்ணீர் மேலடுக்குக் கற்களின் அடிவரை வந்தால் போதும், மூழ்கடிக்க வேண்டாம். குறைத்து ஊற்றுவதா, கூட்டி ஊற்றுவதா என்ற தயக்கத்தில் குறைவின் பக்கமே சாய்வது மேல். கெட்டிச் சேறு கிரிட்டைக் கற்களோடு ஒட்டவைத்து, மோதலையும் தணிக்கும். அளவு சரியா என்பதைக் காது சொல்லும். ஒரே சீராகச் சரசரவென்று சரியும் ஓசை வந்தால் நல்லது. டக் டக்கென்று தனித்தனியாக மோதினால் நிரப்பு குறைவு அல்லது தண்ணீர் அதிகம். டிரம் சுழன்றும் ஓசையே இல்லையென்றால் உள்ளே எல்லாம் கட்டியாகிவிட்டது. கொஞ்சம் தண்ணீர் சேருங்கள், இல்லையென்றால் சில கற்களை வெளியே எடுங்கள்.

மங்கிய கல்: எவ்வளவு தூரம் பின்னால் போவது?

இங்கேயும் ஒரு தேர்வு இருக்கிறது. பாலிஷ் கட்டத்தை மட்டும் திரும்ப ஓட்டுவதா, 500-க்குப் போவதா, ஆரம்பத்திலிருந்தா? ஊகிக்க வேண்டாம். ஈரமான தடித்த துணியில் அதே பாலிஷ் பொடியைத் தொட்டு, ஒரு கல்லைக் கையால் சில நிமிடம் அழுத்தித் தேயுங்கள். அந்த இடம் மட்டும் பளபளத்தால் பொடியும் நல்லது, கல்லின் மேற்பரப்பும் தயார். டிரம்முக்குள்தான் ஏதோ நடக்கவில்லை. நிரப்பைச் சரிசெய்து பாலிஷ் கட்டத்தை மட்டும் திரும்ப ஓட்டலாம். பளபளக்கவே இல்லையென்றால் மேற்பரப்பு தயாராகவில்லை, 500-க்குப் பின்வாங்க வேண்டும்.

அதற்கும் முன்னால், ஒரே சீரான மங்கலாக இருந்தால், போராக்ஸ் அல்லது சோப்புச் சீவலும் தண்ணீரும் மட்டும் போட்டு அரை நாள் ஓட்டிப் பாருங்கள். பல நேரம் அது வெறும் படலம்தான், கழுவினால் போய்விடும்.

உடம்பெல்லாம் மெல்லிய கீறல் என்றால் கலப்படம்: முந்தைய கட்டத்தின் கிரிட் எங்கோ தங்கி வந்திருக்கிறது. மூடியின் விளிம்பு, டிரம்மின் மூலை, விரிசல் கல், பிளாஸ்டிக் மணி, இவைதான் வழக்கமான ஒளிவிடங்கள். சுத்தம் செய்யாமல் பாலிஷ் கட்டத்தைத் திரும்ப ஓட்டினால் அதே கீறல்தான் வரும். டிரம்மைத் தேய்த்துக் கழுவி, விரிசல் கற்களை விலக்கி, அந்த மணிகளையும் தூக்கிப்போட்டு 500-லிருந்து தொடங்குங்கள். முடிந்தால் பாலிஷுக்கென்று தனி டிரம் ஒன்று வைத்துக்கொள்வது நல்ல முதலீடு.

ஓரங்களில் வெள்ளைத் தடமும் சில்லும் இருந்தால் அது மோதலின் அடையாளம். பாலிஷோ 500-ஓ அதை மறைக்காது. டிரம்மை ஒழுங்காக நிரப்பி முதல் கட்டத்துக்கே போக வேண்டும். மனசுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் வேறு வழியில்லை.

இயந்திரமே தகராறு செய்தால்

டிரம் சுழலாமல் நின்றால் உருளைக் கம்பியிலும் டிரம்மின் வெளிப்புறத்திலும் ஈரமோ எண்ணெயோ இருக்கிறதா என்று பாருங்கள்; துடைத்தாலே பெரும்பாலும் ஓடும். எண்ணெயை பேரிங்குகளில் ஒரு சொட்டு மட்டும் விடுங்கள், பெல்ட்டிலோ உருளையிலோ படவே கூடாது. மூடி கசிந்தால் பெரும்பாலும் விளிம்பில் ஒரு கிரிட் துணுக்காவது மாட்டியிருக்கும்.

மூடி உப்பினால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. சில கற்களின் சேற்றிலிருந்து வாயு வருவது உண்டு. முகத்தை விலக்கிக்கொண்டு மெதுவாகத் திறந்து வெளியேற்றுங்கள். ஒரு தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்து, அடுத்த சில நாட்கள் தினமும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

கழுவிய சேற்றைத் தயவுசெய்து வடிகுழாயில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் படிந்து சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், பிறகு குழாயை உடைக்கத்தான் வேண்டும். வாளியில் தெளியவிட்டு, மேல்தண்ணீரை மண்ணில் ஊற்றி, அடியில் தங்கிய சேற்றை ஈரம் முழுதும் காயும் முன்பே பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். காய்ந்து தூளாகப் பறந்தால் அது சிலிக்கா தூசு, தொடர்ந்து மூச்சில் ஏறினால் நுரையீரலைக் கெடுக்கும். கல்லை அறுப்பது, தேய்ப்பது எதையும் உலர்நிலையில் செய்யாமல் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.